நாளொன்றுக்குப் பதினெட்டரை அங்குலம்

காலை ஆறரை மணி. சிராஜுதீன் பாய் ரிங்குகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். செப்டிக் டேங்குக்கும் உறை கிணற்றுக்கும் இறக்குகிற சிமெண்ட் வளையங்களைத்தான் எங்கள் ஊரில் ரிங்கு என்போம். வார்த்த மறுநாளிலிருந்து இருபத்தோரு நாள் ஈரச்சாக்கு போர்த்தி, வேளைக்கு நான்கு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். குடத்தைச் சாய்க்கும்போது அவர் பேசுவார். யாரிடம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"சனிக்கு எத்தினி ரிங்கு கீது. ஒருத்தன் ஒரு சொம்பு தண்ணி ஊத்தல. அந்த ரிங்கே ஐஸு. நமக்குத்தான் இந்த பேஜார்."

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அவருடைய பட்டறை. தகரக் கொட்டகை ஒன்று, மணல் குவியல் ஒன்று, ஜல்லி குவியல் இரண்டு, வேலிக்கல் அடுக்கு, ஜன்னல் ஜாலி அடுக்கு. கொட்டகைத் தூணில் பஞ்சாயத்து லைசென்ஸும் அதன் பக்கத்தில் லாமினேட் செய்த ஒரு தாளும் தொங்கும். வாடிக்கையாளர்கள் அது விலைப்பட்டியல் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்ப்பார்கள். புதனிலிருந்து நெப்டியூன் வரை எட்டு கிரகத்தின் குறுக்களவு, தூரம், வேகம், சாய்வு எல்லாம் அதில் இருக்கும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ரிங்கு விலை கேட்பார்கள்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கேட்டால் இப்படிச் சொல்ல மாட்டார். "வியாழன் கணக்குல நாலு வயசு ஆவுது. சனி கணக்குல இன்னும் ரெண்டு முடியல. யுரேனஸ் கணக்குல கைக்கொயந்த." நெப்டியூன் கணக்கில் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அந்தக் கணக்கில் ஒரு வயது முடித்த மனிதன் இதுவரை பிறக்கவில்லை என்றார். அது ஒரு சுற்று வர நூற்றி அறுபத்தைந்து வருஷம். மனிதர்கள் அதைக் கண்டுபிடித்ததே ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில்தான். அப்போதிலிருந்து ஒரு சுற்று முடிந்தது இரண்டாயிரத்துப் பதினொன்றில். அந்த வருஷம் அதை யாரும் கொண்டாடவில்லை என்பதில் அவருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

சட்டைப் பையில் ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப் இருக்கும். அதை யாருக்கும் தர மாட்டார். மச்சான் கேட்டபோது புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார், இதைக் கொடுக்கவில்லை. எதையும் இரண்டு முறை அளப்பார். அவர் மனைவி ஜாஹிதா அளந்து சொன்னாலும் போய் இரண்டு முறை அளந்துவிட்டு வருவார். ஜாஹிதா பட்டறைக் கணக்கு, லாரி, ஆள், சமையல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். பிழை விடுகிறவர் அல்ல. "ஒரு தபா அளந்தா அது பேச்சு. ரெண்டு தபா அளந்தாதான் அளவு" என்பது பாயின் கட்சி. கல்யாணத்துக்கும் தன்னை இரண்டு தடவை பெண் பார்க்க வந்தவர் என்று ஜாஹிதா சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

என் வீட்டு செப்டிக் டேங்குக்குப் பத்து ரிங்கு சொல்லத்தான் அங்கே போனேன். இருபத்தோரு நாள் காத்திருக்கச் சொன்னார். அந்த இருபத்தோரு நாளில் சூரிய மண்டலத்தில் மாட்டிக்கொண்டேன். ரிங்கு வந்து, டேங்கு கட்டி, நிரம்பவும் ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் வெளியே வரவில்லை.

இது தொடங்கியது ஒரு பள்ளிக்கூடத்தால். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆட்கள் வருகிறார்கள், எட்டு சிமெண்ட் உருண்டை செய்து சுவரோரம் இரண்டடிக்கு ஒன்றாக நட்டுக் கொடுங்கள் என்று தாளாளர் கேட்டார். உருண்டை எந்த அளவு என்று பாய் கேட்டார். ஏதோ ஒரு அளவு என்றார் தாளாளர். அறிவியல் ஆசிரியை கீதா மட்டும் பாவப்பட்டு ஒரு பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார். அதுதான் இன்றைக்கும் தூணில் தொங்குகிற தாள். மூன்று நாள் கழித்து பாய் போய், சூரியனைப் பட்டறையில் வைத்தால் கடைசி கிரகம் பக்கத்து ஊர் கொல்லமேட்டில் விழுகிறது, சுவர் போதாது என்று சொன்னார். தாளாளர் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக்கொண்டார்.

பாய்க்கு மனசு ஆறவில்லை. "ரெண்டடிக்கு ஒண்ணா நட்டா பசங்க அத்த நெசம்னு நெனச்சிக்கினு போயிடும். அப்பால யாரு வந்து மாத்துவா?" என்று என்னிடம் கேட்டார். அவரே செய்ய ஆரம்பித்தார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

அந்தக் கணக்கில் சூரியன் நாலரை அடி ரிங்கு. அரிசி மூட்டை உயரத்துக்கு மேல் இருக்கிற ஒரு ரிங்கை பட்டறை வாசலில் செங்குத்தாக நிறுத்தி, இரு பக்கமும் கல் முட்டுக் கொடுத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்தார். முக்கால் அங்குலம் குறைந்தது. அதைப் பூச்சில் சரிசெய்தார். பூமி அரை இன்ச் ஜல்லி. செதுக்க வேண்டிய அவசியமே இல்லை, குவியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கினால் போதும். நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருக்கும் டீக்கடையில் பாய்லர் பக்கத்தில் பூமியை வைத்தார். மறுநாள் யாரோ பெருக்கித் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு உள்வட்டத்து நான்கையும் அவர் கண்டுகொள்வதில்லை. "அது நாலும் ஜல்லி. வேலைன்னா வெளிய கீற நாலுதான்."

வியாழன் ஐந்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். சிமெண்ட் உருண்டை. முக்கால் கிலோமீட்டர் தாண்டி, கல்யாண மண்டபத்துப் பின்சுவரோரம் ஒரு வேலிக்கல் மேல் உட்கார்ந்தது. அதன் மேல் ஓயாமல் அடிக்கிற புயலுக்கு ரெட் ஆக்சைடில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள் ஒரு அரை இன்ச் ஜல்லியை அழுத்திப் பார்த்தார், அடங்கியது. பத்து மணி நேரத்துக்குள் தன்னைத் தானே சுற்றிவிடும் கிரகம் அது. அங்கே காலை நாஷ்டா முடித்துக் கைகழுவினால் பகல் போய்விடும் என்று மண்டபத்து சமையல்காரரிடம் விளக்கியிருக்கிறார். சமையல்காரர் அப்படிப்பட்ட ஊரில் வேலைக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சனியில்தான் சிக்கல். அது தண்ணீரில் மிதக்குமளவு லேசு என்று தாளில் இருந்தது. முதலில் வார்த்த சிமெண்ட் சனியைத் தொட்டியில் போட்டார், நேராக அடிக்குப் போனது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இப்போது வீடு கட்டுகிறார்களே லேசான வெள்ளை பிளாக், அதிலிருந்து அரம் போட்டு ஒரு சனியைச் செதுக்கினார். மிதந்தது. வளையத்துக்கு வழி தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக ரிங்கு வார்ப்பதே தொழில். ஆனால் அந்த வளையத்தின் கனத்துக்குத் தகடு உலகத்திலேயே கிடையாது. பெயிண்ட் அடித்தால்கூட அதைவிடத் தடிமனாகிவிடும். தப்பாக ஒன்றை மாட்டுவதற்குப் பதில் இல்லாமலே இருக்கட்டும் என்று விட்டார். ரிங்கு பாயின் சனி பல மாதம் மொட்டையாகவே நின்றது. ஊரில் இதைச் சொல்லிக் காட்டாதவர்கள் இல்லை.

யுரேனஸ் இரண்டு அங்குலம், எலுமிச்சம்பழம் அளவு. மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் நட்டார். அது படுத்துக்கொண்டு உருளுகிற கிரகம் என்பதால், அச்சுக்குச் செருகிய ஆணியைப் படுக்கையாக வைத்தார். நாற்பத்திரண்டு வருஷம் ஒரு பக்கம் பகல், அடுத்த நாற்பத்திரண்டு வருஷம் ராத்திரி. "நாப்பத்தி ரெண்டு வருசம் கரண்டு கட்டு" என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொன்னார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. படுத்துக்கொண்டே உருளுவது வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் நடக்கும் என்றார் ஜாஹிதா.

நெப்டியூன் நாலரை கிலோமீட்டர். கொல்லமேடு. இரண்டடி வேலிக்கல், உச்சியில் நீல உருண்டை. கல்லில் எண் எட்டு. சூரியனிலிருந்து அளந்துகொண்டே போனவர் எந்த இடத்தில் டேப் நின்றதோ அந்த இடத்தில் குழி வெட்டி நட்டுவிட்டு வந்தார். யார் நிலம் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை அளக்கிற மனிதர் இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அது கோவிந்தம்மாளின் வரப்பு. அரை ஏக்கர் நிலம், தெற்கு வடக்காக நூற்றி அறுபது அடி. அவருடைய கொழுந்தன் முனிரத்தினம், அண்ணன் செத்த முப்பதாம் நாள் கழிந்ததும், தென்மூலை எல்லைக்கல்லைப் பிடுங்கி நான்கடி இந்தப் பக்கம் நட்டவர். கேட்டால் நாளைக்கு எடுத்துவிடுகிறேன் என்றார். நாளைக்கு நாளைக்கு என்றே ஒரு வருஷம் போனது. கோவிந்தம்மாள் கோர்ட்டுக்குப் போனார். அந்த நான்கடிக்காக பதினோரு வருஷம் பத்து மாதம் காஞ்சிபுரத்துக்கும் கொல்லமேட்டுக்கும் பஸ்ஸில் அலைந்தார், ஜெயித்தார். பிறகு பாய் இதைக் கேட்டுவிட்டு, சரியாக ஒரு வியாழ வருஷம் என்றார். நல்லவேளை, அந்த அம்மாள் முன்னால் சொல்லவில்லை.

அதே தென்மூலையில் ஒரு காலையில் புதிதாக ஒரு கல் நிற்கிறது, நம்பர் போட்டு. கொல்லமேடு இரண்டாகப் பிரிந்தது. பைபாஸ் ரோட்டுக்கு நிலம் எடுக்கிறார்கள் என்றது ஒரு பாதி. முனிரத்தினம் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்றது மறுபாதி. கோவிந்தம்மாள் எந்தப் பாதியிலும் சேரவில்லை. கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து, சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நடந்தார். நெப்டியூன் கொல்லமேட்டுத் தெரு வழியாகப் போனதை ஊரே பார்த்தது.

பாயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜல்லியை எடுத்து மேஜை மேல் வைத்து, இது பூமி என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் சொன்னார். வி.ஏ.ஓ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோவிந்தம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"நவக்கிரகத்துல இது எது?"

"அதுல இது இல்லம்மா."

"அதுலயே இல்லாத கெரகத்துக்கு என் நெலத்துல இன்னா வேல?"

வி.ஏ.ஓ. நல்ல மனிதர். நூற்றி அறுபது அடி தள்ளி வடக்கே வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறது, அங்கே நட்டுக்கொள்ளுங்களேன் என்று வழி சொன்னார். பாய் யோசித்தார். சூரியனிலிருந்து தூரம் அதேதான், வட்டம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது, நடலாம். ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

"அங்க போவும் சார். ஆனா அது போற வேகத்துலதான் போவும். ஒரு நாளைக்கு பதினெட்டரை இன்ச்சு. கெரகம் குதிக்காது சார்."

தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிறவர், கொடுத்த வழியையும் வேண்டாம் என்கிறார். ஆனால் கோவிந்தம்மாள் அப்போதுதான் அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அப்படியென்றால் என் நிலத்தை விட்டு என்றைக்குப் போகும் என்று கேட்டார். பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஜல்லிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். நூற்றி நாலாவது நாள் என்றார்.

"தேதி போட்டு எழுதிக் குடுப்பியா பாய்?"

"குடுக்கறேன்."

எழுதினார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில், பத்திரம் எழுதுகிறவரின் கையெழுத்தில். என்னிடம் நகல் இருக்கிறது, இரண்டாம் சாட்சி நான்தான். "மேற்படி நெப்டியூன் எனும் கல்லானது முதல் பார்ட்டியின் கிழக்கு வரப்பின் மீது நாளொன்றுக்குப் பதினெட்டரை அங்குலம் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து, நூற்றி நான்காம் நாள் அன்னாரின் நிலத்தை விட்டு முழுவதும் நீங்கிவிடும் என்றும், மேற்படி கல்லின் பேரில் இரண்டாம் பார்ட்டிக்கோ மேற்படி கிரகத்துக்கோ அந்நிலத்தில் எவ்விதப் பாத்தியமும் இல்லை என்றும், சொன்னபடி நகரத் தவறும் பட்சத்தில் அதைப் பிடுங்கி எறிய முதல் பார்ட்டிக்குப் பூரண உரிமை உண்டு என்றும் சம்மதித்து..." பத்திரம் எழுதுபவர் எதையும் ஏன் என்று கேட்கவில்லை. நாற்பது வருஷ அனுபவம்.

கல் திரும்பித் தென்மூலைக்கே போனது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பாய் போனார். வாரத்துக்குப் பத்தடி ஒன்பதரை அங்குலம். கல்லைப் பிடுங்கி, அளந்து, மறுபடி அளந்து, நட்டு, பழைய குழியை மூடி மிதித்துவிட்டு வருவார். கோவிந்தம்மாள் வரப்பில் குந்திக்கொண்டு பத்திரத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது வாரம் ஒரே ஒரு கேள்வி. கோயிலில் நாங்கள் சுற்றுவது மாதிரிதானே இதுவும் சுற்றும்? இல்லை, மக்காவில் நாங்கள் இடமாகச் சுற்றுவோமே அந்தப் பக்கம் என்றார் பாய். அதற்குத் தான் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். ஐந்தாவது வாரம் ஒரு சொம்பில் மோர் வந்தது.

ஒன்று மட்டும் நகர்ந்தால் அது பொய் என்று மற்ற மூன்றையும் நகர்த்தத் தொடங்கியது அப்போதுதான். வியாழன் வாரத்துக்கு இருபத்தாறு அடி, சனி பத்தொன்பது, யுரேனஸ் பதின்மூன்றரை. ஞாயிறு விடிந்தால் மொபெட்டில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக கிளம்பிவிடுவார். மண்டபத்தை விட்டு வியாழன் போய்விட்டதில் சமையல்காரருக்கு நிம்மதி. வியாழனின் வட்டம் ஒரு குட்டைக்கு நடுவே போகிறது. அதற்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருப்பதால் மிதவையைப் பற்றி இப்போதே யோசிக்கிறார்.

பதினோராவது வாரம், புதன்கிழமை, சூரியன் அவர் கால்மேல் விழுந்தது.

முட்டுக்கொடுத்த கல்லை ஒரு ஆடு முட்டித் தள்ளிவிட்டது. நாலரை அடி ரிங்கு உருண்டு வந்து வலது கணுக்காலில் ஏறி நின்றது. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது பாய் நடந்தது நடந்தபடி சொன்னார். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜாஹிதாவைப் பார்த்தார். "ரிங்கு வுயுந்துச்சுன்னு எய்துங்க" என்றார் ஜாஹிதா.

மாவுக்கட்டு போட்டு வீட்டில் படுக்க வைத்தார்கள். கால் வலியைப் பற்றி அவர் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. பத்திரத்தில் எழுதியபடி அந்த அம்மாளுக்கு இப்போது உரிமை வந்துவிட்டது, கல் இந்நேரம் கிணற்றில் கிடக்கும் என்று முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜாஹிதா தான் போய் நட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றார். நான் போகிறேன் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க நல்ல மனுசன். ஆனா நீங்க ஒரு தபாதான் அளப்பீங்க."

போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான், போன் பண்ணினால் அது தவணை கேட்பது, முனிரத்தினமும் தவணைதான் கேட்டார் என்றார். அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏழு கிரகத்தையும் விட்டுவிட்டு எட்டாவதற்காக ஒரு மனிதர் சோறு இறங்காமல் கிடந்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கைவேலை இல்லாமல் இருக்கக் கூடாது என்று ஜாஹிதா கத்தரிக்கோலையும் அவருடைய காலின் எக்ஸ்ரே படத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டில் இருப்பதிலேயே மெல்லியது அதுதான். பத்தே முக்கால் அங்குலத்துக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஆறு அங்குலத்துக்கு ஓட்டை போட்டார். இதுவும் தடிமன்தான், பொய்தான் என்று முனகினார். ஆனாலும் வெட்டிவிட்டார். சனியின் வளையத்தில் இன்றைக்கும் சாயங்கால வெயில் பட்டால் கணுக்கால் எலும்பு தெரியும்.

இரண்டு ஞாயிறு தவறிப்போய், மூன்றாவது ஞாயிறு. ஜாஹிதா ஸ்கூட்டியை எடுத்தார். பின்னால் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பாய். அவருக்குப் பின்னால் என் வண்டி. இல்லாத கல்லுக்கு எதற்குக் கடப்பாரை என்று கடப்பாரை வேண்டாம் என்றுவிட்டார். டேப் மட்டும் பையில் இருந்தது. கொல்லமேடு திருப்பத்தில் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பு ஏறினார்.

கல் நின்றுகொண்டிருந்தது. போன தடவை நட்ட இடத்தில் இல்லை. வடக்கே தள்ளி, நேராக, உருண்டையில் மண் ஒட்டாமல் துடைத்து நின்றது. வந்த வழியெல்லாம் வரப்பில் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் மூடி மிதிக்கப்பட்டு, ஒரே சீராக. பாய் குழிகளை எண்ணினார். பதினைந்து.

களை எடுத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை.

"புடுங்கிப் போடத்தான் வந்தேன் பாய். அன்னிக்கி பொயுதுக்கும் பார்த்துக்கினு இருந்தேன், நீ வரல. கடப்பாரையும் கையில கீது, பேப்பரும் கையில கீது. புடுங்கியும்ட்டேன்." அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கல்ல நட்டுட்டு நாளிக்கி நாளிக்கின்னவனத்தான் நான் பார்த்துக்கீறேன். சொன்ன தேதிக்கு வந்து எடுத்து வச்சவன இந்த வயசுல இப்பதான் பாக்கறேன். பத்து வாரம் வந்த ஆளு வரலன்னா அவருக்கு இன்னாவோ ஆயிடுச்சு, அவ்ளோதானே. உன் கல்லு உன் தேதிக்குப் போவணும்ல?"

அந்த ஞாயிறே ஏழு நாள் பாக்கிக்கு ஏழு முழம் நகர்த்தி நட்டிருக்கிறார். அதன் பிறகு தினம் காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து ஒரு முழம். மொத்தம் இருபத்தோரு முழம். முழங்கையைக் கல்லோரம் வைத்து, விரல் நுனி எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த குழி. பூக்காரி அளக்கிற மாதிரி சுருக்கி அளக்கவில்லை என்று அழுத்திச் சொன்னார்.

பாய் வரப்பில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டி, டேப்பை எடுத்தார். பழைய குழியிலிருந்து கல்வரை நகர்ந்து நகர்ந்து அளந்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார். ஐயோ, சொல்லிவிடாதே மனுஷா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"பத்தரை இன்ச்சு கம்மி" என்றார்.

கோவிந்தம்மாளின் முகம் மாறிவிட்டது. பதினோரு வருஷம் பத்து மாதம் நான்கடிக்காக நின்ற முகம் அது. "என் மொயம் கொறயா?" என்று கேட்டு, கையை அவர் முன்னால் நீட்டினார். பாய் டேப்பை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை பிடித்தார். கண்ணாடி வளையலை ஒதுக்கிவிட்டு இன்னொரு முறை பிடித்தார்.

"பதினெட்டு. உங்க மொயம் சரிம்மா. நெப்டியூன்தான் அரை இன்ச்சு சேத்துப் போவுது."

அந்த அம்மாள் அதை யோசித்தார். இருபத்தோரு நாளுக்கு அரை அரையாகப் பத்தரை. கணக்கு சரியாக வந்ததும் தலையசைத்தார். பாய் காலை மடக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிவதற்குள் கோவிந்தம்மாள் அவர் கையிலிருந்த டேப்பை வாங்கிவிட்டார்.

"நான் வுட்டது. நானே வைக்கறேன்."

டேப்பை யாருக்கும் தராத மனிதர், திறந்த உள்ளங்கையோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் டேப்பின் நுனியைக் கல்லடியில் மிதித்துக்கொண்டு இழுத்தார். கண்ணைச் சுருக்கி எண்ணைப் பார்த்தார். பத்தரை என்று வாய்விட்டுச் சொன்னார். வரப்போரம் கிடந்த தன் கடப்பாரையால் குழி போட்டு, கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் இறக்கி, மண் தள்ளி, இரண்டு காலாலும் மிதித்து, பழைய குழியையும் மூடினார். முந்தானையால் நீல உருண்டையை ஒரு துடை துடைத்தார். டேப்பைக் கொண்டுவந்து பாயின் கையில் வைத்தார்.

நான் காத்திருந்தேன். ஜாஹிதா ஸ்கூட்டியில் சாவியைப் போட்டவர், திருப்பாமல் நின்றார். இனி அளக்க வேண்டியது பாய்தான்.

அவர் கல்லைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"வண்டிய எடு" என்றார் ஜாஹிதாவிடம்.